உள்ள யாரு மேடம்

பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரஃபத் ஜஹானுக்குப் பாதி வேலை பழைய கோப்புகளை நீக்குவதுதான். வீட்டிலோ காலி பிஸ்கட் டின்னைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது. கேட்டால், "அது வேற, இது வேற" என்பார். எது எப்படி வேறு என்று சொல்லமாட்டார்.

தொழிற்சாலையில் அவருக்கு 'உள்ள யாரு மேடம்' என்று பெயர். தோல் ஊறும் பெரிய டிரம்மைக் கழுவி முடித்துச் சுற்ற விடுமுன், கதவைத் தட்டி "உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கூவுவது அங்கே வழக்கம். ரஃபத் எதை அழித்தாலும் அப்படித்தான் கேட்பார். டிரம் மேஸ்திரி வேலு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் தப்பித்தது. தோல் அளக்கும் இயந்திரம் நின்றுபோனதில் அதன் புரோகிராம் மட்டும் பாதியில் விழுந்து எழ மறுத்தது. காலையிலிருந்து அளந்த ஆட்டுத்தோல்களின் சதுர அடியெல்லாம் அதற்குள். வாசலில் லாரி. அளவுகள் கெட்டால் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக மறுபடி கணக்கெடுக்க வேண்டும். சரக்கு கப்பலைத் தவறவிடும்.

அந்தப் புரோகிராம் தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு தரவுத்தளத்தை வைத்திருந்தது. வேலை செய்ய அது மேசை போல ஒரு தற்காலிகச் சூழலை விரித்துக்கொள்ளும். அளவுகள் தனிக் கோப்பில் கிடக்கும். கலைந்த சூழலை ஒரு கட்டளையால் நீக்கிவிட்டால் அடுத்த முறை புதிதாக விரியும்.

"நீக்கறதா? இன்னாம்மா, காலையில அளந்ததெல்லாம் போய்டுமா?" என்றார் வேலு.

"மேசைதான் போகும் அண்ணே, தோல் போகாது."

ரஃபத் கட்டளையைத் தட்டினார். சூழலை யாரோ பயன்படுத்துவதாகச் சொல்லி அது மறுத்தது.

ஆம்பூரிலிருந்து மேனேஜர் நயீம் அகமது போனில் கத்தினார். "ஃபோர்ஸ் போடு ரஃபத்! உள்ள ஒருத்தரும் இல்ல. விழுந்து செத்த புரோகிராமத்தான் அது இன்னும் ஆளுன்னு நெனச்சிட்டிருக்கு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கட்டளைக்கு இருப்பவரும் தெரியாது, இறந்தவரும் தெரியாது. உள்ளே நுழைந்தவர் வெளியேறினாரா என்பது மட்டுமே தெரியும். ஃபோர்ஸ் போட்டால் அதையும் கேட்காது. உயிரோடு எவராவது உள்ளே எழுதிக்கொண்டிருந்தால் அளவுகளும் சேர்ந்து நாசம்.

ஓடுகிற புரோகிராம்களை ரஃபத் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார்.

"சார், காலையில வீட்லருந்தே இந்தக் கம்ப்யூட்டர்ல அளவு திருத்தற ஸ்கிரீன தொறந்தீங்களா?"

"டீ குடிக்கறப்ப சும்மா பாத்தேன். அதுக்கின்னா?"

"மூடினீங்களா?"

போனில் லேப்டாப் தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ள நீங்கதான் சார் இருக்கீங்க."

வேலு வாயைப் பொத்திக்கொண்டார். "மேனேஜர் சாபு டிரம்முக்குள்ள குந்திகினு சுத்துன்றாரும்மா!"

"யாருய்யா அது சிரிக்கறது?" என்று கேட்டபடியே நயீம் அகமது ஸ்கிரீனை மூடினார். ரஃபத் மறுபடி தட்டினார். கட்டளை மறுபடி மறுத்தது. ஆனால் இப்போது ஓடுகிறவற்றில் யாருமில்லை; மிச்சமிருந்தது அந்த இறந்த ஆள்தான்.

வேலு மேசையைத் தட்டி, "உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்றார்.

பதில் இல்லை. இத்தனை வருஷமாக ஃபோர்ஸ் போடாத ரஃபத் ஜஹான் ஃபோர்ஸ் போட்டார்.

புரோகிராம் நிதானமாக எழுந்தது. அளவு அச்சான சோதனைச் சீட்டு ஒன்று வெளியே வந்தது. ரஃபத் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, கட்டின் மேல்தோலில் குத்தியிருந்த அளவோடு ஒப்பிட்டார். அதே அளவு. லாரி கிளம்பியது.

"சீட்ட குடும்மா, குப்பையில போடறேன்" என்றார் வேலு.

"அது இருக்கட்டும்" என்று மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார் ரஃபத்.