இனிஷியல் மாறிய கணக்கு

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் கணினி மையத்துக்கு நான் பொறுப்பாளன். ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் வேலை செய்கிற பெரிய சர்வரில் யாருக்கு அக்கவுண்ட் தருவது, அதில் எவ்வளவு இடம் ஒதுக்குவது, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதெல்லாம் என் கையில். கறாரான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது, அதை மறைப்பானேன். துறைத்தலைவரே நேரில் வந்து நின்றாலும் "ஃபார்ம்ல எழுதிக் குடுங்க சார்" என்றுதான் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை காலை சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. யாராலும் எதையும் சேமிக்க முடியவில்லை. ஒன்பது மணியிலிருந்து போன் மேல் போன். பேக்கப் எடுக்கிற டிஸ்க் எப்போதோ பழுதாகி, புதிது கேட்டு நான் எழுதிய கடிதம் மாதக்கணக்கில் பிரின்சிபால் அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "படிச்சி முடிச்சிப் போனவங்க அக்கவுண்ட எல்லாம் தூக்கிடுங்க. மத்தியானத்துக்குள்ள முடியணும்" என்று மட்டும் உத்தரவு வந்தது. கூடவே, இப்போது இருப்பவர்களின் பட்டியலை அலுவலகத்திலிருந்து அனுப்பினார்கள். பட்டியலில் இல்லாதவர் யாராக இருந்தாலும் நீக்க வேண்டியதுதான்.

எரிச்சலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சர்வரில் ஒரு பெண்ணின் பெயர் இரண்டு முறை இருந்தது. பெயர் ஒன்றே, இனிஷியல் மட்டும் வேறு. ஒன்று பட்டியலில் இருந்தது, மற்றது இல்லை. நம் ஊரில் வகுப்புக்கு மூன்று பேருக்காவது ஒரே பெயர் இருக்கும். இனிஷியலை வைத்துத்தான் ஆளைப் பிரிப்போம். அதனால் இவர் வேறு யாரோ, படிப்பை முடித்துப் போனவர் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு இருபதுக்கு அந்த அக்கவுண்டையும் அதிலிருந்த கோப்புகளையும் சேர்த்து அழித்தேன். டிஸ்கில் இடம் வந்தது. போன் நின்றது. நான் சாப்பிட்டுவிட்டுக் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன். வீடு கடலூரில்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது போன் அடித்தது. கடல் உயிரியல் துறையில் ஆராய்ச்சி செய்கிற பெண்.

"சார், என் பழைய அக்கவுண்ட் ஓப்பன் ஆவல. அப்படி ஒரு ஆளே இல்லங்குது."

"பழைய அக்கவுண்ட்னா?"

"கல்யாணத்துக்கு முந்தி இருந்தது சார். அப்பா இனிஷியல்ல."

போன வருஷம் இந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, அடையாள அட்டையில் அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வந்தது. புது அட்டையைக் காட்டிக் கேட்டபோது புது இனிஷியலில் புது அக்கவுண்ட் திறந்து கொடுத்தவனே நான்தான். எல்லோருக்கும் கொடுக்கிற அளவு இடம்தான் அதற்கும் கொடுத்தேன். பழையதில் இருந்ததெல்லாம் அதற்குள் அடங்கவில்லை. இடத்தைக் கூட்டித் தரச் சொல்லி அவர் கொடுத்த கடிதத்தை, துறைத்தலைவர் கையெழுத்து இல்லை என்று ஓரமாக வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் அவர் பழைய அக்கவுண்டிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதோடு அவருடைய பதிவுக்காலம் முடிகிறது. மூன்று வருஷமாகத் தேவனாம்பட்டினம் கரையில் விடியற்காலையில் படகுகள் வந்து சேரும்போது நின்று, நண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து நிறுத்து எழுதியவர். அந்த அளவுகள் முழுவதும் ஒரே அட்டவணையாக அந்த அக்கவுண்டில் இருந்தன.

"சிஸ்டத்துல ஏதோ பிரச்சினை போலருக்கும்மா" என்றேன். பச்சைப் பொய். நாக்கு தானாகவே அப்படிப் புரண்டது.

"ஆனா காலைல நான் ஓட விட்ட ப்ரோக்ராம் மட்டும் இன்னும் ஓடுது சார். புது அக்கவுண்ட்ல இருந்து பாத்தேன். என் பேரு வர்ற எடத்துல வெறும் நம்பர் வருது."

பஸ் குடிகாட்டில் நின்றது. இறங்கிவிட்டேன்.

அவர் சொன்னதில் ஒரு வழி இருந்தது. ஒரு கோப்பை அழித்தாலும், அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருந்தால் அது முடிகிறவரை கோப்பு உண்மையில் போகாது. பெயர்தான் போயிருக்கும். உள்ளே இருப்பதை நகல் எடுத்துவிடலாம். ஆனால் அக்கவுண்ட் போன பிறகும் ஆளில்லாமல் ஓடுகிற ப்ரோக்ராம்கள் சர்வரின் சக்தியைத் தின்னக் கூடாது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அவற்றைத் தேடிக் கொல்கிற ஓர் ஏற்பாட்டை நானே செய்து வைத்திருந்தேன். அடுத்த முறை மூன்று மணிக்கு. அப்போது மணி இரண்டு பதினைந்து. திரும்பிப் போக எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். வெளியிலிருந்து யாரும் சர்வருக்குள் வர முடியாதபடி அடைத்து வைத்திருந்ததும் நான்தான். நிர்வாகியின் பாஸ்வேர்டு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

எங்கள் மையத்தின் லேபில் அந்தப் பெண்ணும், கதவைத் திறந்துவிட்ட அட்டெண்டரும்தான் இருந்தார்கள். அட்டெண்டருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பாஸ்வேர்டை அந்தப் பெண்ணிடம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சர்வரில் உள்ள எல்லாமே அவர் கைக்குப் போய்விடும். யார் எத்தனை மணிக்கு எதை அழித்தார்கள் என்று எழுதி வைக்கிற லாக் பதிவும் அதில் அடக்கம். அரை நிமிஷம் நான் பேசவில்லை. கல்லூரியின் பாதுகாப்பை நினைத்து யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் என்னை நினைத்துத்தான் யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன். நிர்வாகி அக்கவுண்ட்ல போங்க. பாஸ்வேர்டு சொல்றேன். யாருக்கும் தராதே."

"தரமாட்டேன் சார். சொல்லுங்க."

"அதாம்மா பாஸ்வேர்டே. யாருக்கும் தராதே. இங்கிலீஷ் எழுத்துல, எடம் விடாம."

நான் ஒதுங்கி நின்றது ஒரு டீக்கடை. பக்கத்து ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் நாலைந்து பேர் கிளாஸும் கையுமாக நின்றார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார்.

அந்தப் பெண் தட்டினார். தப்பு என்றது.

"யாவுக்கு ஒரு ஏவா ரெண்டு ஏவா சார்? நான் ஒண்ணு போட்டேன்."

"ரெண்டு."

மறுபடியும் தப்பு. மூன்றாவது முறையும் தப்பானால் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த வரம்பும் என் கைங்கரியம். மணி இரண்டு முப்பத்தைந்து.

"நிறுத்துங்க. எதையும் தொடாதீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நான் எதையும் தொடல சார்" என்றார். "த-வுக்கு டி எச்சு போட்டேன். தே-வுக்கும் அதே டி எச்சு போட்டேன். சரியா?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்து முறை அடிக்கிற சொல். விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவதற்கு ஆளுக்கொரு முறை, எனக்கே வேளைக்கொரு முறை. போனில் அடித்துப் பார்த்தேன். கட்டை விரல்கள் வேறு எதையோ எழுதின. கடைக்காரரிடம், "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் பாட்டில்களை நகர்த்தினேன். மேசையில் பத்து விரலையும் வைத்து, கீபோர்டு இருப்பதாக நினைத்து அடித்தேன். மெதுவாக அடித்தால் குழம்பியது. வேகமாக அடித்துவிட்டு எந்த விரல் எங்கே போனது என்று பார்த்தேன்.

"இன்னா சார் ஆச்சு, உடம்புக்கு முடியலையா?" என்றார் கடைக்காரர். நான் மறுபடியும் அடித்தேன்.

நாலாவது தடவையில் பிடிபட்டது. கடைசி தே-வுக்கு இடது கையின் நடுவிரல் இறங்குகிறது, முதல் த-வுக்குப் போனதுபோல் ஆள்காட்டி விரல் மேலே போகவில்லை.

"ரா-வுக்கு ஒரே ஏ. முதல் த-வுக்கு டி எச்சு. கடைசி தே-வுக்கு வேற டி."

"டைகர் டியா, டாக் டியா சார்?"

"முதல்ல டைகர். கடைசில டாக். டாக்குக்கு அப்புறம் எச்சு, ஈ. அடிச்சதும் தட்டிறாதீங்க, ஒரு தடவ எழுத்தெண்ணிப் பாருங்க."

"புள்ளியா வருது சார், எழுத்து தெரியல."

"புள்ளிய எண்ணுங்க."

எண்ணினார். நானும் விரல் மடக்கி எண்ணினேன். இரண்டும் ஒத்துவந்தன. "தட்டுறேன் சார்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உள்ள வுட்டுடுச்சு."

மணி இரண்டு நாற்பத்தெட்டு. மூன்று மணி ஏற்பாட்டை நிறுத்துகிற கட்டளை வரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிப் படித்தார், பிறகு தட்டினார். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராம் கையில் எந்தக் கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன்.

"என் டேபிள் இருக்கு சார். பக்கத்துல டிலீட்டட்னு போட்டுருக்கு."

"அதேதான். அத அப்படியே புது அக்கவுண்ட்டுக்கு நகல் எடுங்க."

மூன்று மணி தாண்டியது. ப்ரோக்ராம் ஓடிக்கொண்டேயிருந்தது. மூன்று பத்துக்கு, அட்டவணை முழுவதும் வந்துவிட்டது, கடைசி நாள் நண்டுவரை இருக்கிறது என்றார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தது சார்? எழுதி வெச்ச சாப்டர் ரெண்டு இருந்துச்சே. என் லேப்டாப்ல இருக்கறது ரொம்பப் பழசு."

ப்ரோக்ராம் திறந்து வைத்திருந்தது அட்டவணையை மட்டும்தான். மற்றவை போனது போனதுதான்.

"அது வராதும்மா" என்றேன்.

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

சிதம்பரம் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே யோசித்தேன். இரண்டு அத்தியாயத்தைத் திங்கட்கிழமைக்குள் திரும்ப எழுத முடியாது. ஆராய்ச்சிக் குழு கால நீட்டிப்புக் கொடுத்தால்தான் உண்டு. லேபின் கதவில் நான் ஒட்டிய அறிவிப்பு ஒன்று இருக்கிறது. இயந்திரக் கோளாறால் கோப்புகள் அழிந்தால் மையம் பொறுப்பல்ல, நகல் வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு என்று. அதைக் காட்டியே ஏற்கெனவே இரண்டு பேருக்கு நீட்டிப்பை மறுத்திருந்தார்கள். சிஸ்டத்தில் பிரச்சினை என்று நான் சொன்னது நிலைத்தால் இந்தப் பெண்ணுக்கும் அதே கதிதான். நான் செய்தது என்று எழுதினால் அவருக்கு நீட்டிப்புக் கிடைக்கும், எனக்கு விசாரணை வரும். என் மகளைக் கல்லூரியில் சேர்க்கிற வருஷம் அது. பு.முட்லூர் வருகிறவரை மனம் இரண்டு பக்கமும் போய்ப்போய் வந்தது. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அது பாதியாகிவிட்டது. ஆட்டோவில் போகும்போது எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது.

நான் உள்ளே போனதும் அந்தப் பெண் எழுந்து நின்றார். முகம் கழுவியிருந்தார். அட்டெண்டர் டீ வாங்கப் போயிருந்தார்.

"பாஸ்வேர்ட மாத்திடுங்க சார். எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார்.

மாற்றினேன். நான் திரும்பியதும் மேசையில் ஒரு தாளை வைத்தார். கால நீட்டிப்புக்கான விண்ணப்பம். அவர் எழுத வேண்டியதெல்லாம் எழுதியிருந்தது. கணினி மையப் பொறுப்பாளரின் குறிப்பு என்ற இடம் மட்டும் காலி.

"பன்னெண்டு இருவதுன்னு லாக்ல இருக்கு சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ம்" என்றேன்.

"நீங்க சிஸ்டம்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்புதாம்மா."

பேனாவை எடுத்தேன். இத்தனை வருஷம் அலுவலகக் கடிதங்கள் எழுதிய கை. அது தனக்குப் பழகிய நடையிலேயே எழுதியது. மேற்படி ஆய்வாளரின் முந்தைய இனிஷியலில் இருந்த அக்கவுண்ட், வேறொருவருடையது எனக் கருதி அழிக்கப்பட்டது. ஆய்வாளர் மீது எந்தத் தவறும் இல்லை. எழுதி அவரிடம் நீட்டினேன். உள்ளபடி எழுதிவிட்ட நிம்மதிகூட எனக்கு வந்துவிட்டிருந்தது.

அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு தாளைத் திரும்ப என் முன்னால் வைத்து, அழிக்கப்பட்டது என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"யாரால சார்?"

அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் "என்னால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.