டெல்லியில் அம்மாவைக் கேட்பார்களாம்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில், மத்தாப்புப் பெட்டிக்கும் புஸ்வாணப் பெட்டிக்கும் அடிக்கிற லேபிள்களில் பிழை பார்ப்பது என் வேலை. அப்பாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு யூனிட். அவர் என்னைவிட மோசம். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மோந்து பார்ப்பார். மருந்து கலக்கும் இடத்தில் யார் நைலான் சேலை கட்டியிருக்கிறார்கள், யார் கையில் இரும்புச் சாமான் இருக்கிறது என்று கண் ஓடும். எங்கள் தொழிலில் சந்தேகப்படாதவர்கள் அதிக நாள் இருப்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் அதை யாரும் குறையாக நினைத்ததே கிடையாது.

அம்மா மட்டும் வேறு மாதிரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையை வைத்துவிட்டு இறங்கிப் பூ வாங்கி வருகிற ஆள். அவள் டெல்லியில் இருக்கும் உச்ச நீதிமன்றத்தையும் அப்படித்தான் நம்பினாள். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வழக்கு ஒரு வண்டிப்பாதையைப் பற்றியது. எங்கள் தெருவில் ஆரம்பித்து, அம்மாவின் அண்ணன் வீட்டுக் கொல்லையை ஒட்டி, யூனிட் வரை போகிற மண்பாதை. நிலம் மாமாவுடையது. அந்தப் பாதையைத் தன் கல்யாணத்தின்போது தாத்தா தனக்கென்று வாயால் சொல்லிக் கொடுத்தார் என்பது அம்மாவின் கட்சி. அப்படி ஒன்று நடக்கவே இல்லை, லாரி வாங்கின பிறகு அப்பா கட்டிவிட்ட கதை அது என்பது மாமாவின் கட்சி. வெடி லோடு ஏற்றிய லாரி கொல்லைப்பக்கம் போக ஆரம்பித்ததும் மாமா பயந்துவிட்டார். அது நியாயமான பயம்தான். ஆனால் அவர் வந்து பேசவில்லை. ஒருநாள் காலையில் பாதையின் வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். லோடு தலைச்சுமையாகக் காட்டைச் சுற்றி ரோட்டுக்குப் போனது. தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும் என்று லைசென்ஸ் புதுப்பிக்க வந்த அதிகாரி கேட்டபோது அப்பாவால் முள்ளைத்தான் காட்ட முடிந்தது.

கேஸ் போட்டது அம்மா பெயரில், நடத்தியது அப்பா. முன்சீப் கோர்ட்டில் அம்மா கூண்டில் ஏறினாள். மாமாவின் வக்கீல் குறுக்கு விசாரணையில் கடைசியாக ஒன்று கேட்டார்: “அப்ப உங்க கூடப்பிறந்த அண்ணன் பொய் சொல்றாருங்கீகளா?” அம்மா, “ஆமா, ஆனா...” என்று ஆரம்பித்தாள். “கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டீக, போதும்மா” என்று அவர் உட்கார்ந்துவிட்டார். “என் அண்ணன் பொய் சொல்கிறார் என்று சொன்னால் சரிதான்” என்று தட்டச்சில் ஏறியது. எதிரே நின்றிருந்த மாமா அப்போது அம்மாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதன்பிறகு அவர் அம்மா இருக்கிற பக்கம் திரும்பியதில்லை.

முன்சீப் கோர்ட்டில் நாங்கள் ஜெயித்தோம். சப் கோர்ட்டில் மாமா ஜெயித்தார். மதுரை ஹைகோர்ட்டில் மறுபடி நாங்கள். ஒவ்வொரு தீர்ப்பு வரும்போதும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்: “என்னைய மறுபடி கூப்பிடலயா?” அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன என்று நான் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். “ஒங்கிட்டச் சொன்னா ஒங்கப்பா காதுக்குப் போவும். அவுக வக்கீலுக்குப் போனப் போடுவாக. கேக்க வேண்டியவுக கேட்டாச் சொல்லுதேன்” என்பாள். கேட்க வேண்டியவர் டெல்லியில் இருப்பதாக அவளுக்கு ஒரு எண்ணம். எல்லாரையும்விடப் பெரிய ஜட்ஜ் எல்லாரையும்விடப் பொறுமையாகக் கேட்பார் அல்லவா என்பது அவள் கணக்கு.

எங்கள் பக்கத்தில் டெல்லி கோர்ட்டைத் தெரியாதவர்கள் இல்லை. எந்த மருந்தைப் போடலாம், சரவெடி கட்டலாமா கூடாதா, எந்த நேரத்தில் வெடிக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவானது. தீபாவளி சீசன் நெருங்கினால் டீக்கடையில் மழையைப் பற்றிப் பேசுவதைவிட டெல்லியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி அப்பீல் லண்டனுக்குப் போனது. விருதுநகர் வியாபாரக் குடும்பங்களில் கப்பலேறிய கேஸ் கட்டுகளைப் பற்றி இன்னமும் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. குடியரசு வந்தபின் அது டெல்லி என்றானது. கப்பல் ரயிலானதே தவிர, நம் வாயால் சொன்னது யாரோ ஒருவர் முன்னால் தாளாகத்தான் போய் நிற்கிறது. யார் அந்தத் தாளை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்று நான் யோசிப்பேன். பிழை பார்க்கிறவள் புத்தி அப்படி.

மதுரைத் தீர்ப்பு வந்த கையோடு அப்பா டெல்லியில் ஒரு தமிழ் வக்கீலைப் பிடித்துக் கேவியட் போட்டார். எதிராளி எப்போது வந்தாலும் எங்களைக் கேட்காமல் தடை கொடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற மனு அது. அதை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. “பாத்தியா, நம்பாதவனுக்குன்னே சட்டத்துல ஒரு மனு வச்சிருக்கான்” என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாமாவும் சளைக்கவில்லை, டெல்லிக்குப் போனார். அங்கே நேராக அப்பீல் போட முடியாது. அப்பீல் போட அனுமதி கொடுங்கள் என்று முதலில் ஒரு மனுப் போட வேண்டும். அது ஏற்கப்படுமா என்று பார்க்கும் நாளுக்கு நாங்கள் கிளம்பினோம். அப்பாவும் நானும் போவதாகத்தான் ஏற்பாடு. புறப்படும் அன்று அம்மா பையோடு வந்து நின்றாள்.

“நீ எதுக்கு?” என்றார் அப்பா.

“கேஸு எம்பேர்லதான இருக்கு.”

“அங்கன ஒன்னைய ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

“கேட்டா?”

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏம்மா, இவ என்னமோ வச்சிருக்கா. அண்ணன் பாசத்துல அங்கன போயிப் பாதை எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டான்னு வையி, லைசென்ஸ் போச்சு, எல்லாம் போச்சு. பக்கத்துலயே இரு. வாயத் தொறக்க விடாத” என்றார். நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ரயிலில் ஏறினால் அதே பெட்டியில், நாலைந்து வரிசை தள்ளி, மாமா உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. வேண்டுமென்றேதான் இந்தப் பெட்டியில் டிக்கெட் போட்டிருக்கிறார், நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கத்தான் என்று அடித்துச் சொன்னார். மாமாவும் எங்களைப் பார்த்ததும் தன் பையை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். வழி முழுவதும் இவர் அவரைப் பார்க்க, அவர் இவரைப் பார்க்க, யாரும் சரியாகத் தூங்கவில்லை. அம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தாள். ஒரு பொட்டலம் மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமா இருந்த பக்கம் பார்த்தாள். அப்பா, “யோசிக்காத. வாங்கிட்டு மருந்து வச்சிட்டாகன்னு சொல்லுவான்” என்றார். அம்மா பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ரயில் டெல்லியை நெருங்க நெருங்க அப்பா ஒரு தீக்குச்சியால் நக இடுக்கைத் துருவிக்கொண்டே வந்தார். அலுமினியப் பொடி உள்ளே ஒட்டியிருந்தால் கோர்ட் வாசலில் மெஷின் கத்தும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் சிவகாசி வட்டம் என்று இருப்பதைப் பார்த்தாலே தனியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்றும் பயந்தார். நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் அட்டையைப் பார்த்தவர் கொட்டாவி விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மெஷினும் கத்தவில்லை. அப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. “என்ன செக்கிங்கு இது” என்றார்.

உள்ளே கூட்டம். வழக்கு எண்கள் திரையில் வருவதும் போவதுமாக இருந்தன. கறுப்பு அங்கி போட்ட வக்கீல்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். நாங்கள் பின்வரிசையில் நின்றோம். அம்மா தலையைத் தடவிச் சரிசெய்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேலே உட்கார்ந்திருந்த இரண்டு நீதிபதிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எவர் கேட்பார் என்று யோசித்திருப்பாள்.

எங்கள் எண் வந்தது. மாமாவின் வக்கீல் வேகமாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இந்தப் பெண் தன் சொந்த அண்ணனையே பொய்யன் என்று சாட்சிக் கூண்டில் சொன்னவர், இவ்வளவு பகை உள்ளவரின் வாய்மொழியை நம்பித் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வரியை வாசித்தார். முன்சீப் கோர்ட்டில் சொன்ன அந்த ‘ஆமா’ மொழிபெயர்ப்பாகி, அச்சாகி, டெல்லி வரை வந்திருந்தது. ‘ஆனா’ வரவில்லை. நீதிபதிகளில் ஒருவர், சாட்சியை நாங்கள் மறுபடி எடைபோடுகிற இடம் இது அல்ல, மதுரைத் தீர்ப்பில் சட்டப்படி என்ன தவறு என்று கேட்டார். வக்கீல் எதையோ சொன்னார். மற்றவர் தலையை அசைத்தார். தலையிட விரும்பவில்லை, தள்ளுபடி என்றார்கள். எங்கள் வக்கீல் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். அம்மா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னையக் கேக்கலயே?” என்றாள்.

“முடிஞ்சிருச்சும்மா. நாம ஜெயிச்சிட்டோம்.”

“நாந்தான் இன்னும் சொல்லவே இல்லயே” என்றாள். கதவோரம் நின்ற ஊழியர் எங்களை முறைத்தார்.

வெளியே புல்வெளிக்கு வந்ததும் வக்கீல் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். “இங்க ஆளக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாங்கம்மா. எது நடந்துச்சுங்கிறது கீழ்க் கோர்ட்டோட சரி. அவங்க சட்டப்படி எழுதியிருக்காங்களா, பெரிய அநியாயம் ஏதும் நடந்திருக்கான்னு மட்டும்தான் இவங்க பார்ப்பாங்க. எல்லா ஊர்க் கதையையும் முதல்ல இருந்து கேட்டா முடியுமா?” என்றார். நியாயமான பேச்சுதான். அப்பா மட்டும் திருப்தியில்லாமல், “இம்புட்டுச் சீக்கிரமா முடிச்சுட்டாங்களே, இதுல ஏதும் உள்குத்து இருக்குமோ?” என்று கேட்டார். ஜெயித்ததையே சந்தேகப்பட்ட கட்சிக்காரரை வக்கீல் அன்றுதான் முதலில் பார்த்திருப்பார்.

“அப்ப மிச்சத்த யார்ட்டச் சொல்ல?” என்று அம்மா பொதுவாகக் கேட்டாள். கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தடியில் மாமா தனியாக நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

“பிடி அவள! எதையாச்சும் சொல்லி வைப்பா, அவன் மறுபரிசீலனை மனுன்னு திரும்ப வருவான்” என்று அப்பா பதறினார். நான் பின்னாலேயே ஓடினேன். ஆனால் இந்த முறை முந்தானையைப் பிடிக்கவில்லை.

“அண்ணே, அன்னைக்கு என்னைய முழுசாச் சொல்ல விடல” என்றாள் அம்மா. “நம்ம அய்யா பாதைய எனக்குன்னு சொன்னது நெசம். ஆனா நீ பொய் சொல்லல. கல்யாணத்துக்கு மொத நா ராத்திரி அவுக சொல்லும்போது நீ அங்கன இல்ல. மல்லாங்கிணத்துக்குச் சமையக்காரவுகளக் கூட்டியாரப் போயிருந்த. ஒனக்குத் தெரியாது. அம்புட்டுத்தான்.”

மாமா திரும்பி அவளைப் பார்த்தார். “வண்டி பஞ்சராகி விடியத்தான வந்தேன்” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு குரல் ஏறியது. “இத வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்லா தாயி? கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சு இங்கன வந்தா சொல்லணும்?”

“எந்த வழியா வர? முள்ளு வச்சிருந்தியே.”

“சுத்தித் தார் ரோடு இருக்குல்லா?”

“தார் ரோட்டு வழியா ஒன் வாசல்ல வந்து நிக்க நான் என்ன அசலாளா?”

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அன்று டெல்லியில் வெயில் ஒன்றும் பெரிதாக இல்லை. பின்னால் வந்து நின்ற அப்பா என் காதில், “நடிக்கான்” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அம்மா பைக்குள் கையை விட்டு எதையோ தேடினாள். புளியோதரை கெட்டுப்போயிருந்தது.

ஊருக்கு வந்து, தீர்ப்பு நகல் கைக்குக் கிடைப்பதற்கு முன்பே, பாதையின் வாயில் இருந்த முள் காணாமல் போயிருந்தது. அப்பா அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. “இம்புட்டு நல்லவனா ஆயிட்டானா? லாரிய விடுறதுக்கு முன்னாடி நீ போயி மண்ணுக்குள்ள ஆணி கீணி பொதச்சு வச்சிருக்கானான்னு பாத்துட்டு வா” என்று என்னை அனுப்பினார். போகத்தான் போனேன். குனிந்து, லேபிளில் பிழை பார்க்கிற கண்ணோடு, தடம் தடமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மாமா வீட்டுக் கொல்லை வரைக்கும் ஒரு ஆணிகூட இல்லை. உள்ளேயிருந்து அம்மாவின் பேச்சுச் சத்தம் கேட்டது.

கொல்லைக் கதவோரம் விளக்குமாற்றோடு மாமா நின்றிருந்தார்.

“என்ன தேடுத மருமகளே?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“ஒங்கப்பாட்டப் போய்ச் சொல்லு, ஒண்ணும் கெடக்காதுன்னு. நானே ரெண்டு தடவ கூட்டிட்டேன். உதிர்ந்த முள்ளு கெடக்கும்லா, ஒங்கம்மா வெறுங்காலோட வாரவ” என்றார்.