டிராக்டருக்குப் பவுடர் பூசிய நாள்

எண்ணெய் சொட்டுகிற இடம் ஒன்று, ஒழுகுகிற இடம் வேறொன்று. பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் மோசம் போனேன்.

சமயநல்லூர் பக்கம் அஸ்திவாரம், தென்னங்குழி, கழிவுநீர்த் தொட்டி என்று எதைத் தோண்டுவதென்றாலும் என் டிராக்டரைத்தான் கூப்பிடுவார்கள். முன்னால் கிழட்டு எஞ்சின், பின்னால் மண் அள்ளும் இரும்புக் கை. அந்தக் கையைத் தூக்கி இறக்குவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் சிலிண்டர். ஒன்பது வருஷமாக ஒரே டிரைவர். வேறு யாரையும் லீவரைத் தொட விட்டதில்லை, என் மச்சினனைத் தவிர. மனைவியின் தம்பி கேட்டால் சாவியை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டால் ஒரு மாதத்துக்கு வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை, தூக்கி நிறுத்திய கை தானாக இறங்கியது. அடியில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது. முதலில் ஹோஸைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். பிறகு வால்வைக் கழற்றி மாட்டினேன். ஆரப்பாளையத்தில் அலைந்து, சிலிண்டர் வாயில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஆயில் சீல், புதுசு வாங்கிப் போட்டேன். நாலே நாளில் அதுவும் கிழிந்தது. மச்சினன் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மச்சான், வண்டியக் கொறை சொல்லாதீங்க. உங்க ஆளு பாறையில போட்டுக் குத்தியிருக்கான். நீங்கதான் அம்புட்டு எடம் குடுத்துட்டீங்க."

டிரைவரிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, டீக்கடை வாசலில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன்.

"அண்ணே, எம் பிள்ளைக மேல சத்தியமா நான் பாறையில போடல. நான் எழவுக்குப் போன ரெண்டு நாளும் வண்டி எங்க நின்னுச்சுன்னு கேளுங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. என் மச்சினனையே கை காட்டுகிறாரா என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். வண்டியை உடைத்தவர் என்ற பேர் அவருக்கு முன்னால் ஓடியது. அந்தப் பக்கத்தில் யாரும் அவரை நம்பி வண்டி கொடுக்கவில்லை. பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் போன பிறகும் ஒழுக்கு நிற்கவில்லை. ஒரு காலையில் சிலிண்டரை டீசல் விட்டுத் துடைத்துக் காயவைத்து, மகளுடைய முகப்பவுடரை அதன்மேல் தூவினேன். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் ஒழுக்கு. அன்றைக்குத்தான் இரும்புக் கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பார்த்தேன். அதுவரை கை நுனியில் இருக்கும் மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் வைத்தே சோதித்ததால், சிலிண்டருக்குள் போய்வரும் பளபளப்பான ராடு பாதிதான் வெளியே தெரிந்திருந்தது. மறைந்திருந்த பாதியில் ஈரக் கோடு ஒன்று ஓடியது. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த பசை ஒரு துண்டாகப் பெயர்ந்து வந்தது. அடியில் ஆழமான வெட்டு. அந்த வெட்டுதான் ஒவ்வொரு ஆயில் சீலையும் கிழித்திருக்கிறது. பைப் விரிசலை அடைக்கும் பசையை வைத்து, உப்புத்தாளால் தேய்த்து மறைத்திருந்தார்கள்.

என் மச்சினன் பிளம்பர்.

பசைத் துண்டைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். அவள் அது என்னவென்று கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கெணத்துல பாறை ஒடைக்கப் போயி இப்படி ஆயிருச்சுக்கான்னு தம்பி கையப் புடிச்சு அழுதான். நம்ம பிள்ளை காதுகுத்து முடியட்டும்னு இருந்தேன். இப்ப சண்டை வந்தா பிள்ளைய யாரு மடியில உக்கார வைப்பீங்க?"

எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். மடிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் மூட்டை தூக்கலாம் என்று என் வீட்டுக்குள்ளேயே முடிவு பண்ணியிருக்கிறார்கள். தம்பி ஏமாற்றியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தினமும் என் எண்ணெய்ச் சட்டையைத் துவைத்துப் போட்டவள், எல்லாம் தெரிந்தே துவைத்திருக்கிறாள்.

மறுநாளே பரவைக்குப் போனேன். வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு டிரைவர் தலையைத் துடைத்தார். தப்பு என்மேல்தான், திரும்பி வாங்க என்றேன்.

"வாரேண்ணே. ஆனா டீக்கடையில வச்சுச் சொன்னீங்கள்ல. அதே மாதிரி நாலு பேருக்கு முன்னால, நான் ஒடைக்கலன்னு சொல்லிருங்க. அது போதும்."

"காதுகுத்துக்கு வாங்க. ஊரே இருக்கும். மைக்குலயே சொல்றேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் மகள் மாமன் மடியில் அழுதுகொண்டிருந்தாள். அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். மைக் என் கைக்கு வந்தது. டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள், வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள்.

"வந்தவுக எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

டிரைவரும் அவர் மனைவியும் மட்டும் சாப்பிடாமல் போனார்கள்.