காது மேடமும் ஒற்றை நட்சத்திரக்காரரும்

தன் நாவலின் இணையப் பக்கத்தைத் திறக்கும்போதே அவருடைய இடது உள்ளங்கை கணினித் திரையின் மேல்மூலையை மூடிக்கொள்ளும். வாசகர்கள் போடும் நட்சத்திரங்கள் அங்கேதான் தெரியும். கீழே யாராவது புதிதாக இரண்டு வரி எழுதியிருக்கிறார்களா என்று முதலில் ஓரக்கண்ணால் ஒரு நோட்டம். பிறகு சுண்டுவிரல் விலகும், அடுத்தது மோதிரவிரல். பாதியிலேயே பக்கத்தை மூடிவிடுவார்.

மருத்துவமனையில் அவருக்குக் 'காது மேடம்' என்று பெயர். ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே இருந்து செவித்திறனைச் சோதிக்கும் வேலை. பத்தொன்பது வருடமாக அதுதான். மதிய இடைவேளையில் அதே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் நோட்டை வைத்து விஞ்ஞானக் கதை எழுதுவார். மூன்று நாவல்கள் அப்படிப் பிறந்தவை. "பேய்க்கதை இருந்தா குடுங்கம்மா, கிரகத்தையெல்லாம் யாரு படிக்கிறா?" என்று ஒரு பதிப்பாளர் கைவிரித்த பிறகு, தானே வெளியிட ஆரம்பித்தார்.

பயந்த சுபாவம். லிஃப்டில் தனியாக ஏறமாட்டார். முதல் நாவலை இணையத்தில் ஏற்றிய அன்று 'வெளியிடு' என்ற பொத்தானை அமுக்கியது அவருடைய கணவர். இவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, "அமுக்கிட்டீங்களா? அமுக்கிட்டீங்களா?" என்று கேட்டபடி இருந்தார். கணவருக்குப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை. விமர்சனங்களை முதலில் படித்துச் சொல்வதும் அவர் பொறுப்புதான்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்பார்.

வாயைத் திறப்பதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் அந்த அரை நொடியிலேயே மனைவிக்கு விஷயம் கேட்டுவிடும்.

"எத்தனை திட்டு?"

"ரெண்டே ரெண்டு. சின்னதுதான்."

மூன்றாவது நாவலில், பனி மூடிய ஒரு நிலவுக்கு அடியில் ஒன்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். தலைக்கு மேலே பனி விரிசல் விடுகிறதா என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிவைத்துக் கேட்பது ஒரு பெண்ணின் வேலை. எழுதியவர் அதை யாருக்கும் எதிராக எழுதவில்லை. ஆனால் விஞ்ஞானக் கதை வாசகர்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது. கதையில் கணக்கு சரியாக வர வேண்டும் என்பது ஒரு கட்சி; கணக்கைத் தூக்கிக் குப்பையில் போடு, மனிதர்களைக் காட்டு என்பது மற்றது. கணக்குக் கட்சிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர். ராக்கெட் அண்ணன் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் வருடாந்திர விருதுக்கு அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 'நம்ம ஆளுங்க எல்லாரும் இதுக்கே போடுங்க' என்ற வரிக்குக் கீழே, எழுதியவரைக் கேட்காமலே, கணக்கு பிசகாத அந்தப் பனி நாவலின் பெயர்.

மறுநாள் மாலைக்குள் எதிர்க்கட்சியார் ஐம்பத்தேழு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். 'இது நாவல் இல்ல, பரீட்சைப் பேப்பர்' என்றார் ஒருவர். அதுகூடப் பரவாயில்லை. எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் காது மேடத்தின் புகைப்படத்தையும் மருத்துவமனைப் பெயரையும் போட்டு, 'இந்தம்மா இங்கதான் வேலை பாக்குது' என்று எழுதியிருந்தார் இன்னொருவர்.

அன்றிலிருந்து அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பேருந்துக்கு அடுத்த நிறுத்தம்வரை நடந்தார். வராந்தாவில் யாராவது வேகமாக வந்தால் பக்கத்து அறைக்குள் நுழைந்துகொண்டார். கடைசியில் தைரியத்தையெல்லாம் திரட்டி ராக்கெட் அண்ணனுக்குப் போன் செய்தார்.

"என் பேரை எடுத்துடுங்கண்ணா, புண்ணியமாப் போகும்."

"என்னம்மா இது, உங்களுக்காகத்தானே நாங்க மல்லுக்கு நிக்கிறோம்! இப்போ ஜகா வாங்கினா எங்க முகத்துல கரி பூசின மாதிரி ஆயிடாதா? அப்புறம் நம்ம பசங்க சும்மா இருக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்."

அண்ணன் அதை அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், போட்டியிலிருந்து விலகுவதாக விருதுக் குழுவுக்கு நான்கு வரி எழுதினார்.

"நான் அமுக்கட்டுமா?" என்றார் கணவர்.

"வேணாம். இது நானே."

கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினார். மறுநாளே கணக்குக் கட்சியும் 'துரோகி' என்று எழுதி, தன் பங்குக்கு நாற்பது ஒற்றை நட்சத்திரம் போட்டது. இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அந்த நாவல்தான்.

அடுத்த வாரம், உதவியாளர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சீட்டோடு வந்தார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அறைக்குள் உட்கார்ந்தவர் நிமிர்ந்து காது மேடத்தின் முகத்தையே பார்த்தார்.

"நீங்கதானே அந்தப் பனிக்கதை எழுதினவங்க? போட்டோ பாத்தேன்."

வெளியே போகும் கதவு எத்தனை எட்டு என்று காது மேடத்தின் கண் அளந்தது.

"ஆமா" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"ஆங்? சத்தமா சொல்லுங்க."

"ஆமாங்க."

"நான் அதுக்கு ஒத்தை ஸ்டார் போட்டேன்."

காது மேடம் அவருக்கு ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். குமிழைத் திருப்பி ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் வெளிக்கதவு மறந்துபோனது. உள்ளே இருந்தவர், சத்தமே அனுப்பாதபோதும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். பயந்தவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. கீச்சென்ற மேல் ஒலிகளை அனுப்பியபோதோ அந்தக் கட்டைவிரல் அசையவே இல்லை.

கதவைத் திறந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கேக்காதப்பவும் அமுக்குறீங்க. அப்படிச் செஞ்சா எனக்கு உண்மை தெரியாது."

"கேக்கலைன்னு எழுதிட்டா வேலையை விட்டு எடுத்துடுவாங்கம்மா."

"எனக்குத் தெரிஞ்சாத்தான் காதுக் கருவிக்கு எழுதித் தர முடியும். முதல்லேர்ந்து வெக்கிறேன். அவசரமே இல்ல."

இந்த முறை அவர் பொய் அமுக்கு அமுக்கவில்லை. செவித்திறனைக் காட்டும் கோடு தாளில் வலப்பக்கம், மேல் ஒலிகளின் பக்கம், சரிந்து இறங்கியது. கருவி வைத்தால் சமாளிக்கலாம் என்று சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கதைல என்னதாம்மா இருக்கு?"

"நீங்க படிக்கலையா?"

"குழுவுல போடச் சொன்னாங்க, போட்டேன்." தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஒரு பொண்ணு. நாள் பூரா காதை வெச்சுக் கேட்டுட்டே இருப்பா. ஒரு நாள் கேக்காம போயிடுமோன்னு பயம் அவளுக்கு."

அவர் கையிலிருந்த சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

மேசையின் அடி இழுப்பறையில், கைக்குட்டைக்குக் கீழே, ஒரு பிரதி இருந்தது. அதை எடுத்து நீட்டப் போனவர், பாதி வழியில் கையை இழுத்துக்கொண்டார். முதல் தாளைப் புரட்டினார். வேறு பதிப்பகம் கிடையாது என்பதால் 'வெளியீடு' என்பதற்குக் கீழே அவருடைய வீட்டுக் கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் அச்சாகியிருந்தன. அந்தத் தாளைத் தையலோடு ஒட்டி, கதைப் பக்கம் எதுவும் கூட வந்துவிடாமல், மெல்லக் கிழித்து நான்காக மடித்துத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அவரிடம் கொடுத்தார்.