ஸ்மிஜாவின் லேப்டாப்பில் தூங்கிய கார்டு

இரிஞ்ஞாலக்குடையில் பள்ளிக்கூட வாத்தியார் பிரசோபன் மாஷிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் இல்லை. கணினி நிரல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், லினக்ஸ்தான் விடுதலை, மற்றதெல்லாம் அடிமைத்தனம் என்று வாரம் தவறாமல் வாசகசாலையில் முழங்குவார். அந்த வேகத்தில், திருமண நாள் பரிசென்று மனைவி ஸ்மிஜாவின் லேப்டாப்பிலிருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார். அவள் கேட்டிருந்தது சேலை.

ஸ்மிஜா வீட்டுப் படம் வரைகிறவள். லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு. சின்னது எழுத்து வேலைக்கு. பெரியது, வரைந்த வீட்டைச் சுழற்றிக் காட்டுவதற்கு. அந்தப் பெரியது எழுந்திருக்கவே மாட்டேனென்றது. அதை எழுப்பும் டிரைவர் மென்பொருளைக் கம்பெனிக்காரன் நிரலை மூடிவைத்துத்தான் கொடுக்கிறான். மாஷுக்கு அது தீட்டு.

ஞாயிறு காலை, குவைத்திலிருந்து வந்த பௌலோஸ் தன் வீட்டுப் படத்தைப் பார்க்க வந்தார். ஸ்மிஜாவுக்குக் கிடைக்கவிருந்த முதல் வேலை. அவள் சுழற்றிக் காட்ட, திரையில் வீடு விட்டுவிட்டு உதறியது.

"என்ன மோளே, கட்டுறதுக்கு முன்னாடியே வீடு இந்த ஆட்டம் ஆடுது?"

"ஒரு நிமிஷம் சேட்டா, பழம்பொரி எடுத்துக்கோங்க" என்றவள், கணவரை அடுக்களைக்குள் இழுத்தாள். "பிரசோபேட்டா, உங்க கொள்கைக்கு என் பொழப்புதான் கெடச்சுதா? போடுங்க அந்த டிரைவரை!"

போட்டார். நடுவில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது, வைத்தார். அணைத்துத் திறந்ததும் நீலத் திரை வந்தது. வகுப்பில் பிள்ளைகளிடம், "படிச்சுட்டு அமுக்குங்கடா" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், படிக்காமலே என்டரைத் தட்டினார். பெரிய கார்டு அசையவில்லை. மறுபடி போட்டார், மறுபடி தட்டினார்.

"இன்னொரு நாள் வரேன் மாஷே." பௌலோஸ் செருப்பைத் தேடினார். ஸ்மிஜாவின் கண் கலங்கிவிட்டது.

வேர்த்து விறுவிறுத்து, அடுத்த முறை மாஷ் நீலத் திரையைப் படித்தார். புது டிரைவரை நம்பலாமென்றால் நீ வைத்த கடவுச்சொல்லைச் சொல் என்றுதான் பாவம், இத்தனை நேரமும் அது கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னார். வீடு வழுக்கிக்கொண்டு சுழன்றது. பௌலோஸ் செருப்பைக் கழற்றினார். "முன்வாசல் பூமுகத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக்கிடு மோளே. எப்பத் தொடங்கலாம்?"

மாலை வாசகசாலையில், வாராவாரம் அவர் பேச்சைக் கேட்கும் டேவிஸ் பிடித்துக்கொண்டான். "மாஷே, உங்க வீட்டுலயே மூடின டிரைவராமே! ஸ்மிஜா சேச்சி சொல்லிச் சிரிக்கறாங்க. எப்படி சம்மதிச்சீங்க?"

"நான் யாருடா சம்மதிக்க? அது அவ லேப்டாப்."

சொன்ன பிறகுதான் மாஷுக்கு உறைத்தது. விண்டோஸைத் துடைத்த அன்று இது ஏன் தோன்றவில்லை? வெட்கம் பிடுங்கித் தின்றது. விடுதலை பற்றிப் பேச அவரை மேடைக்கு அழைத்தார்கள்.

"இன்னிக்கு வேற யாராவது பேசுங்கப்பா" என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.