பொன்னாயி அம்மாவின் படுக்கையறையில் நான் அறுத்த கயிறு

1. ஒரு போன்

வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்த மூன்றாம் நாள் காலை, பொன்னாயி அம்மாவிடமிருந்து போன்.

“ஏனுங்க, எங்கூட்டுக் கயித்தை எங்கீங்க போட்டீங்க?”

“எந்தக் கயிறுங்கம்மா?”

“பன்னிக் கயிறு சாமி! பன்னிக் கயிறு!”

பன்றிக்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கயிற்றை எங்கே போட்டேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதை வெட்டி, திரைச்சீலையை இழுத்துக் கட்டி, போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பியிருந்தேன்.

2. அமைதிக்கு ஆர்டர்

சேலத்தில் ஓர் இன்டீரியர் ஆபீஸில் பத்தொன்பது ஆண்டுகளாக சைட் சூப்பர்வைசர் நான். ஒரு டேப், நிறம் காட்ட ஒரு ஷேடு கார்டு, யார் என்ன சொன்னாலும் ஆடும் ஒரு தலை. இந்தத் தொழிலுக்கு இவை போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆர்டர் கொடுத்தவர் பெங்களூரில் இருக்கும் பொன்னாயி அம்மாவின் மகன். “மலையில புது ஊடு கட்டிக் குடுத்தும் அம்மா தூங்கறதே இல்லீங்க. அந்த ரூமை அமைதியா ஆக்கிக் குடுங்க.”

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ரூம் மூச்சு விடணும்யா. உள்ள போனாலே மனசு அடங்கணும். கண்ணுல ஒரு பொருள் படக்கூடாது.”

மூச்சுவிட வேண்டிய அறைக்கு, காற்றே புகாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எழுதிக் கொடுத்தார். தலையாட்டினேன்.

மலைமேல் எடப்புளி நாடு என்ற ஊர்ப்பகுதியில், சரிவின் ஓரத்தில் வீடு. நான் போனபோது பொன்னாயி அம்மாவும் கணவர் பெரியண்ணனும் பேளுக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். “நாலு நாள்ல வாரோம் கண்ணு” என்று சாவியைக் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

அறையில் சாமை மூட்டை, மிளகுக் கூடை, ஒரு டார்ச். ஜன்னல் கம்பி வழியே உள்ளே வந்து கட்டில் காலில் முடிந்திருந்தது கற்றாழை நார்க் கயிறு ஒன்று. வெளியே மேகம் மலையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. திறந்தபோதெல்லாம் பச்சை, அதன் மடியில் மரவள்ளிக் காடு. அதைப் பார்த்து மயங்கி நின்ற நான், கயிறு எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. துணி காயப்போடும் கொடி என்று முடிவுகட்டி அறுத்தேன்.

ஈரமணல் நிறச் சுவர். இருட்டைப் பூட்டிவைக்கும் கனத்த திரை. மேகம்போல மெத்தை. ஓரத்தில் அந்தக் கயிறு. போட்டோ பார்த்த முதலாளி உருகினார். “அந்தக் கயிறு பிரமாதம்யா! மண்வாசனை! அடுத்த வில்லாவுக்கும் நாலு வாங்கிரு.”

3. பன்றிகளின் விருந்து

போன் வந்த அன்றே வளைவு வளைவாக மலையேறிப் போனேன். மரவள்ளிக் காட்டில் பாதி, உழுது போட்டதுபோலக் கிடந்தது. கடித்துத் துப்பிய கிழங்குகளுக்கு நடுவே பொன்னாயி அம்மா நின்றிருந்தார். காடு நெடுக, கூழாங்கல் போட்ட தகர டப்பாக்கள் கம்புகளில் தொங்கின. அறுந்த கயிற்றின் மறுமுனை அவற்றில்தான் இருந்தது. ராத்திரியில் காட்டுப்பன்றி உறுமுவது கேட்டால், படுத்த இடத்திலிருந்தே கயிற்றை இழுப்பார். டப்பா அலறும், பன்றி ஓடும். அவர் தூங்காததன் காரணம் சுவரின் நிறம் அல்ல.

“வந்த அன்னைக்கே கேட்டிருக்கலாமேம்மா?”

“ரூமு இருந்த சீருக்கு, பன்னிக் கயிறு எங்கேன்னு கேக்கவே கூச்சமாப் போச்சுங்க. சித்த நேரம்னு படுத்தேன். இருட்டு. ஒரு சத்தமில்ல. கண்ணாலம் ஆன நாளிலிருந்து அப்பிடித் தூங்குனதில்ல. எனக்குத் தூக்கம் கெடைச்சுது, பன்னிக்குச் சோறு கெடைச்சுது.”

“நானும் நல்லாத்தான் தூங்குனேன்” என்றார் பெரியண்ணன்.

“நீங்க என்னைக்கு முழிச்சீங்க?”

எங்கள் ஆபீஸ் செய்த அறைகளில், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த அறை அது ஒன்றுதான். அதனால் பாதி வெள்ளாமை போயிற்று.

மீதிப் பாதியை இருட்டுவதற்குள் காக்க வேண்டும். வெளிச் சத்தம் உள்ளே கேட்க, இரட்டைக் கண்ணாடியில் ஒரு பக்கத்தைக் கழற்றினேன். சுவரில் துளை போட்டு பிவிசி பைப் செருகி, வேறு கயிறு விட்டேன். முதலாளி போனில் கத்தினார்: “டிசைனே போச்சுய்யா!” முதல்முறையாகத் தலையாட்டவில்லை, போனில் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

கயிற்றை முன்பு இருந்த அதே கட்டில் காலில் முடியப் போனேன்.

“அங்க வேண்டாமுங்க” என்றார் பொன்னாயி அம்மா. “அவரு பக்கம் கட்டுங்க.”

பெரியண்ணன் பதறினார். “எனக்குக் காது மந்தமுல்ல?”

“சீட்டாட்டத்துக்கு ஆரு கூப்புட்டாலும் கேக்குதுல்ல? முப்பது வருசம் நான் இழுத்தாச்சு. தூக்கம்னா என்னன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இனி உங்க முறை. கட்டுங்க சாமி.”

கட்டினேன்.

எங்கள் ஆபீஸ் படிவத்தில் நிறம், வெளிச்சம், மெத்தையின் கனம் என்று வரிசையாகக் கேள்விகள் உண்டு. கடைசியில் இப்போதெல்லாம் நானே பேனாவால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: மற்றவர்கள் தூங்குவதற்காக இந்த வீட்டில் விழித்திருப்பவர் யார்? “அப்படி யாருமில்லைங்க” என்று வீட்டு ஆண் உடனே பதில் சொல்வார். நான் படிவத்தை மூடாமல், சமையலறையிலிருந்து அந்த வீட்டு அம்மா வரும்வரை காத்திருப்பேன்.