வெள்ளிக்கிழமைக் கணவாய்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழன் சொந்தக்காரர் கண்ணில் படாமல் சைனீஸ் சாப்பிட வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எங்கள் சைவக்காரர் மச்ச மாமிசம் தொடமாட்டார்கள். மற்ற நாட்களில் எந்த சைனீஸ் கடைக்குள் தலையை நீட்டினாலும் ஒரு சித்தப்பாவோ, மகளின் கணக்கு வாத்தியாரோ கையில் கரண்டியோடு இருப்பார். வெள்ளியில் ஒரு தெரிந்த முகமும் இருக்காது. இதைக் கண்டுபிடித்த அன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நாற்பத்தாறு வயது ஆம்பிளை ஒளிந்து சாப்பிட என்ன வந்தது என்று கேட்பீர்கள். என் அண்ணனின் கிட்னி இரண்டும் பழுதாகிவிட்டன. அக்காவின் இரத்தம் அவருக்குப் பொருந்தவில்லை, என்னுடையது பொருந்திவிட்டது. ஒன்றை நான் கொடுப்பதென்று முடிவானது. ஆனால் நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. எண்பதுக்குக் கீழே இறங்கினால்தான் ஒப்பரேஷன் என்று டொக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

முடிவானது என்று எழுதுகிறேன். யார் முடிவெடுத்தது? ரிப்போர்ட் வந்த அன்று கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டு ஹோலில் அண்ணி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுதார். என் மனைவியும் அழுதாள். அண்ணன் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குச் சம்மதமோ என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்கவில்லையே என்பதுதான் எனக்குக் கொதி.

அன்றோடு என் வாய் இரண்டு பெண்களின் காவலுக்குப் போனது. வீட்டில் பாண் நின்றது, பால்தேத்தண்ணி நின்றது. விடிந்தால் பாகற்காய்ச் சாறு, பிறகு மரைன் டிரைவில் நடை. மனைவி எங்கள் ஃபிளட்டின் வாசல் காவலாளிக்கும் சொல்லி வைத்துவிட்டாள். நான் லிஃப்டுக்குப் பக்கத்தில் போனாலே அந்த மனிதர் எழும்பி, "லிஃப்ட் எபா மாத்தயா, படியென் யன்ன" என்று சிங்களத்தில் லிஃப்டை மறித்துப் படியைக் காட்டுவார். நாலாம் மாடி! மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது அந்த ஆளையும் டொக்டரையும் சேர்த்துத் திட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும். அங்கே ஹோலின் நடுவில் அண்ணி நிறை பார்க்கும் மெஷினை வைத்துக்கொண்டு காத்திருப்பார். "ஏறுங்கோ தம்பி" என்பார். நான் ஏறுவேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, சுவர்க் கலண்டரில் பென்சிலால் எழுதுவார். அதற்குப் பிறகு சாப்பாடு. மற்றவர்களுக்குச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். எனக்கென்று தனியாக அவித்த கறுத்தக் குரக்கன் மாப் புட்டும் வல்லாரைச் சம்பலும். அண்ணனுக்கு உப்பில்லாமல், இரண்டு தரம் தண்ணீர் மாற்றி அவித்த மரக்கறி. அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அரை லீற்றர். ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். அவர் முன்னால் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

இப்படியெல்லாம் காவல் இருந்தும் நிறை இறங்கவில்லை. "குரக்கனைத் திண்டு ஒரு மனுசன் எப்பிடி இப்பிடி இருக்கிறது?" என்று மனைவி தலையில் கைவைத்தாள். அண்ணி தைரொய்ட் பார்க்கச் சொன்னார். அதையும் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். பம்பலப்பிட்டியில் இருக்கும் என் ஒஃபிஸில் வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் ஆட்கள் ஜும்மாவுக்குப் போவார்கள், இரண்டு மணி வரை வேலை நடக்காது. நான் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடியில் இருக்கும் சைனீஸ் கடைக்குப் போய்விடுவேன். ஹொட் பட்டர் கணவாய். மொறுமொறுவென்று பொரித்த கணவாய் மீன், அதன்மேல் பட்டரும் செத்தல் மிளகாயும் வெங்காயத் தாளும். தட்டை வைக்கும்போதே வாசத்தில் கண் சொருகும். ஆவி பறக்கும் ஃப்ரைட் ரைஸில் சில்லிப் பேஸ்ட்டைப் பிசறி, மேலே இரண்டு கணவாயை வைத்து வாய்க்குள் தள்ளினால், ஐயோ, அதைச் சொல்லி முடியாது. ஒரு ஃபுல் ரைஸ் மூன்று பேருக்குக் காணும். நான் தனியாள் முடிப்பேன்.

முதலில் நாக்கின் ஆசை என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் போனபின் ஒரு விஷயம் விளங்கியது. வியாழன் வரைக்கும் ஒழுங்காக இருந்து ஒரு கிலோ குறைப்பேன். முள் தொண்ணூற்றொன்றைத் தொட்டால் எப்போது விடியும் என்று மணி பார்ப்பேன். வெள்ளிக்கிழமை அந்த ஒரு கிலோவை மீட்டுக்கொண்டு வந்தால்தான் மனம் ஆறும். எண்பதில் எனக்காகக் கத்தி காத்திருக்கிறது. தொண்ணூற்றிரண்டில் எனக்கு ஒன்றும் நடக்காது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நாளும் படுத்தவனில்லை. என்னை மயக்கிக் கிடத்திவிட்டு வெட்டுவார்கள் என்று நினைத்தாலே நித்திரை போய்விடும். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்ன நிமிஷம் நான் கூடப்பிறந்தவனைக் கொல்பவன் ஆகிவிடுவேன். சொல்லாமல் தின்று கொண்டிருந்தாலும் அதேதான். சீ என்று என்னையே எனக்குப் பிடிக்காமல் போனது. அடுத்த வெள்ளியும் போனேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பாதி ரைஸ் முடிந்திருக்கும், மாடிப்படியில் ஒருவர் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார். முழங்கைக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டர். அண்ணன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் வெள்ளவத்தையில் ஒரு தனியார் இடத்தில்தான் அவருக்கு இரத்தம் சுத்திகரிப்பது. வழமையாக அண்ணி கூட இருந்து, முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு அண்ணி கோயிலுக்குப் போனதால் தனியாக ஓட்டோவில் வந்திருக்கிறார்.

என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். "நீயோ?"

"அண்ணை..."

"வெள்ளிக்கிழமையெண்டா எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு நினைச்சு வந்தனான்."

"நானும் அப்பிடித்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அவர் எனக்கு முன்னால் உட்கார்ந்தார். "மெஷின் முடிஞ்ச கையோட ரெண்டு துண்டு திண்டா ஒண்டும் செய்யாதாம். அங்க வாற ஆக்கள் எல்லாரும் சொல்லுகினம்" என்றார். நான் தட்டைத் தள்ளினேன். அவர் சரியாக இரண்டு துண்டு எடுத்தார். ஒன்றை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். அவர் கண்ணை மூடியிருந்ததால் நான் அவருடைய வீங்கிய கால்களைப் பார்த்தேன்.

அப்போது பார்த்து வெயிட்டர் வந்தான். அண்ணனிடம் என்னைக் காட்டி, "ஹெம சிகுராதாம எனவா மே மாத்தயா" என்றான், பெருமையாக. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவாராம் இந்த ஐயா. சிங்களம் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் பட்ட பாடு. விளங்கவில்லை என்று நடிக்க வழியில்லை.

அண்ணன் மேசையைப் பார்த்தார். ஃபுல் ரைஸ், கணவாய், பக்கத்தில் டெவல் சிக்கன், கோலாப் போத்தல். பார்த்து முடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"பயமாக் கிடக்கோ?"

இத்தனை மாதத்தில் முதல் தரம் ஒருவர் கேட்கிறார். எனக்குக் கண் நிரம்பிவிட்டது. "ஓம் அண்ணை" என்றேன். "சரியான பயம்."

"எனக்கும்தான். உன்ரை ஒண்டை எடுத்து எனக்கு வைச்சு, அதுவும் கோதாரியாப் போனா, பிறகு உன்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?" இரண்டாவது துண்டை அவர் சாப்பிடவில்லை, தட்டின் ஓரத்தில் வைத்தார். எழும்பும்போது, "நான் கணவாய் திண்டதை அண்ணிக்குச் சொல்லிப்போடாதை" என்றார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. படியில் கைபிடியைப் பிடித்து இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெஷினில் ஏறினேன். தொண்ணூற்றொன்றரை. அண்ணி பெருமூச்சு விட்டுக் கலண்டரில் பென்சிலை வைக்க, கதிரையில் இருந்த அண்ணன் சொன்னார்: "விடும். இனி நிறுக்கத் தேவையில்லை. டொக்டர் கோல் எடுத்தவர். இவன்ரை கிட்னி சரிவராதாம்."

"எப்ப எடுத்தவர்?"

"நேற்று."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"இப்பத்தானே சொல்லுறன். வேற ஆள் பாப்பம்."

எந்த டொக்டரும் கோல் எடுக்கவில்லை. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். எனக்குப் பக்கத்தில் நின்ற மனைவி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கீழே பார்த்தாள். இவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. பாகற்காயைப் பிழிந்து பிழிந்து தந்தவள்!

அண்ணி பென்சிலைக் கலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டுக் குசினிக்குள் போனார். வந்து என் முன்னால் வைத்தது குரக்கன் புட்டு இல்லை. சோறு, எண்ணெய் மிதக்கும் ஆட்டிறைச்சிக் கறி, பொரியல். "சாப்பிடுங்கோ தம்பி. எத்தினை மாசமா வாயைக் கட்டிக்கொண்டு இருந்தனீங்கள், பாவம்" என்றார். அதில் ஒரு துளி குத்தல் இல்லை. குத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

சோற்றைக் குழைத்தேன். இனி என்னை ஒருவரும் மறிக்கப் போவதில்லை. எல்லோர் முன்னாலும் எதையும் தின்னலாம். பயப்படவும் தேவையில்லை. ஆனால் கவளம் வாய்க்கு எழும்பவில்லை. எதிரே அண்ணன் வெளுத்த மரக்கறியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தக் குரக்கன் புட்டு இருக்கோ?"

"விசர்க்கதை கதையாதை. சோத்தைத் தின்" என்றார் அண்ணன், தட்டைப் பார்த்தபடி.

"டொக்டரோடை நாளைக்கு நானே கதைக்கிறன் அண்ணை. வேற ஆள் பாக்க வேண்டாம்."

அண்ணி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ விளங்கியிருக்கவேண்டும். போய்ப் புட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஆறிக் காய்ந்துபோயிருந்தது. முதல் பிடியே தொண்டையில் அடைத்து விக்கல் எடுத்தது. வழமைபோல மேசையில் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. மனைவி குசினிக்கு எழும்புவதற்குள் அண்ணன் தன்னுடைய சின்னப் போத்தலின் மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அதில் பாதிக்கும் குறையத்தான் இருந்தது, நேரம் பகல் ஒன்று.

"குடி" என்றார்.

நான் ஒரு மிடறு குடித்தேன்.